சேற்றில் பிறந்த சபதம்

மூலக்குளம்
புதுச்சேரி, 12 அக்டோபர் 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை மகள் சுடர்விழி வணக்கத்துடன் எழுதுவது. உங்களுக்கும் அத்ரியான் பெரியப்பாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே குளிர் தொடங்கியிருக்கும் என்று என் தோழி ஏஸ்தெல் சொன்னாள். இங்கே மழை. நான் சுகம்.

என் போனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். தேர்தல் முடிந்துதான் கிடைக்குமாம். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். பதிலை ஏஸ்தெல் வீட்டு விலாசத்துக்கே அனுப்புங்கள். அவள் தாத்தா ரோஜே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வீட்டுக்குப் பிரான்சுத் தபால் வந்தால் தபால்காரர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் தெருவே பேசும்.

அப்பா இந்த முறை சட்டசபைக்கு நிற்கப்போகிறார். அவர் பொதுவாழ்வுக்கு வந்த கதையைப் புத்தகமாகப் போடுகிறார்கள். பெயர் 'சேற்றில் பிறந்த சபதம்'. எங்கள் தெருவில் ரோடு இல்லாமல் ஆம்புலன்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டதாம். அப்பா அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாராம். அம்மா அவர் தோளிலேயே உயிரை விட்டதும், இனி மக்களுக்காகவே வாழ்வேன் என்று சபதம் எடுத்தாராம். ஜனவரி பதினெட்டு அம்மாவின் நினைவு நாள். அன்று மேடையில் நின்று இதை நான் சொல்ல வேண்டும்.

பெரியம்மா, அப்படி நடக்கவில்லை. நான் கூடவே இருந்தேன். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. நீங்கள் அம்மாவின் அக்கா. நீங்கள் வந்து வேண்டாம் என்றால் அப்பா கேட்பார்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம்.

சுடர்விழி


சார்செல்
பிரான்சு, 31 அக்டோபர் 2025

பெண்ணே,

எனக்கு முழங்கால் வலி, உன் பெரியப்பாவுக்குச் சர்க்கரை. கேட்டிருந்தாய், சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது யார்? உன் அப்பன் மதிவாணனா, அவன் கூட இருக்கிற ஆட்களா? உப்பளம் பகுதியில் எங்கள் அப்பா கட்டிய வீட்டைக் கட்சி ஆபீசுக்குக் கேட்டு அவன் ஆள்விட்டது எனக்கு மறக்கவில்லை. ஆள்விட்டுக் கேட்டுக் கிடைக்கவில்லை, இப்போது பிள்ளையை விட்டிருக்கிறான் போலிருக்கிறது. சாவி என்னிடம்தான் இருக்கிறது. இருக்கும்.

உன் அம்மாவுக்கு மாதா கோயிலில் வைத்த பெயர் ஜொஸ்ஃபீன். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடையில் கூப்பிடத் தோதாகச் செந்தமிழ்ச்செல்வி என்று வைத்தான். அவளும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். பெயரையே விட்டுக்கொடுத்தவள் அவன் சொல்லும் சாவையும் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

இனி எழுதாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

சூசான்


மூலக்குளம்
15 நவம்பர் 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா? பெரியப்பா இனிப்பைக் குறைத்தாரா? எழுதாதே என்று சொல்லியும் எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். வீடு எனக்கு வேண்டாம். நடந்ததைச் சொன்னால் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் அன்றைக்கே ரோடு இருந்தது, நல்ல சிமெண்ட் ரோடு. அதைக் கான்ட்ராக்ட் எடுத்துப் போட்டதே அப்பாதான். அன்று அவர்கள் தலைவருக்குப் பிறந்தநாள். தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, முனையில் மேடை கட்டியிருந்தார்கள். சாயங்காலம் அம்மாவுக்கு இளைப்பு வந்தது. மருந்தை உறிஞ்சியும் அடங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆயம்மா அக்கா ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். வண்டி வந்து பந்தலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. நான் மேடைக்கு ஓடினேன்.

"அப்பா, அம்மாவுக்கு மூச்சு வரல. ஆம்புலன்ஸ் உள்ள வர வழியில்லப்பா."

"தலைவர் வண்டி ரெட்டியார்பாளையம் தாண்டிடுச்சு. இப்பப் போயி பந்தலப் பிரிச்சா என் மானம் என்னாவறது? பத்து நிமிஷம் பொறு. போ."

பந்தல்காரர் முருகையன் அங்கேயே நின்றார். "அண்ணே, ரெண்டு கால் தாண்ணே. நான் அவுத்து உட்டுட்டு மறுபடியும் கட்டிக்கிறேன்."

"உன்ன கட்டத்தான் கூப்பிட்டேன், அவுக்க இல்ல."

தலைவர் வந்தார். சரவெடி வெடித்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து வந்தார்கள். அதற்குள் அம்மாவுக்கு உதடு நீலமாகிவிட்டது. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோருக்கும் அப்பாவிடம் ஏதோ ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது.

புத்தகத்தை எழுதுவது கலியமூர்த்தி மாமா. அப்பாவின் கட்சிக்காரர், பழைய தமிழ் வாத்தியார். சேறு எங்கே இருந்தது மாமா என்று கேட்டேன். "கதைன்னா கொஞ்சம் சேறு இருக்கணும்மா. அப்பதான் தாமரை பூக்கும்" என்று சிரித்தார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்று மாலை அம்மா போனிலிருந்து உங்களுக்கு அழைப்பு வந்ததா?

சுடர்விழி


சார்செல்
3 டிசம்பர் 2025

பெண்ணே,

இங்கே பனி பெய்கிறது. இருவரும் இருக்கிறோம்.

நீ எழுதியது உண்மையாகவே இருக்கட்டும். அவன் எப்படிப்பட்டவன் என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே நான் சொன்னேன். அதற்கு உன் அம்மா, "நீ பட்டாளத்து சொல்தாவக் கட்டிக்கினு பிரான்சுக்குப் போயிட்ட, உனக்கு இந்த ஊரப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, சரி. தெரியாதவளிடம் இப்போது நியாயம் கேட்டு என்ன பயன்?

நீ அவன் சோற்றைச் சாப்பிடுகிறாய். அவன் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போ. ஐந்து நிமிஷப் பேச்சு. ஊரில் எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்கச் சொல்கிறார்கள்.

நோயேல், அதுதான் கிறிஸ்துமஸ், வருகிறது. வேலை இருக்கிறது.

சூசான்


மதிவாணன் இல்லம், மூலக்குளம்
14 டிசம்பர் 2025

பெருமதிப்பிற்குரிய பெரியம்மா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் எல்லா நலமும் பெற்று வாழ இறைவனை வேண்டுகிறேன். இங்கு அனைவரும் மகிழ்ச்சியாக உள்ளோம்.

என் அருமைத் தாயார் செந்தமிழ்ச்செல்வி அம்மையாரின் நினைவு நாள் விழா வரும் ஜனவரி 18 அன்று திருமண மண்டபத்தில் நடைபெற உள்ளது. என் தந்தையாரின் வாழ்க்கை வரலாற்று நூலும் வெளியிடப்படுகிறது. பிரான்சு வாழ் புதுச்சேரி மக்களின் சார்பில் தாங்கள் வருகை தந்து நூலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வர இயலாவிடில் ஒரு வாழ்த்துக் காணொளியாவது அனுப்பி உதவ வேண்டுகிறேன். பழைய மனக்கசப்புகளை என் தந்தையார் மறந்துவிட்டார்.

தங்கள் அன்பு மகள்
ம. சுடர்விழி

(அண்ணியாருக்கு வணக்கம். பிள்ளை ஆசையாக எழுதியிருக்கிறாள். தட்டாதீர்கள். மதிவாணன்)


மூலக்குளம்
14 டிசம்பர் 2025, இரவு

பெரியம்மா,

நலமாக இருக்கிறீர்களா? இன்று பகலில் வேறொரு கடிதம் தபாலில் போனது. அது என் கை, என் பேச்சு இல்லை. கலியமூர்த்தி மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். முதலில் மாட்டேன் என்றேன். இந்தக் கடிதத்தில் எழுத்து கோணலாக இருக்கும். விரல் கதவில் மாட்டிக்கொண்டது, இப்போது வீங்கிவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஒத்திகை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்பார்.

"'எங்கம்மா'ன்னு சொல்லிட்டு நிறுத்து. கூட்டம் உச்சுக் கொட்டும். அது அடங்கனதும் அடுத்த வரிக்கு வா. அவசரப்படாத. அழுக வரலன்னா தலையக் குனிஞ்சிக்க, போதும்."

நேற்று "தோளில் சுமந்து ஓடினார்" என்ற வரி எனக்கு வாயில் வரவில்லை. மறுபடி, மறுபடி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயம், பெரியம்மா. படுத்துக் கண்ணை மூடினால் அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஓடுவது எனக்கே தெரிகிறது. சேறுகூடத் தெரிகிறது. ஜனவரிக்குள் எனக்கு நிஜம் மறந்துபோய்விடுமோ என்று நினைக்கிறேன்.

போன மாதம் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

சுடர்விழி


சார்செல்
5 ஜனவரி 2026

பெண்ணே,

புத்தாண்டு வாழ்த்து. எங்களுக்குச் சளி பிடித்து விட்டது.

உன்னுடைய இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. ஒன்றில் 'மகிழ்ச்சியாக உள்ளோம்', இன்னொன்றில் 'பயம்'. எழுத்தும் ஒன்றுபோல் இல்லை. எதை நம்புவது? ஒரு நாக்கில் இரண்டு பேச்சு உன் அப்பன் வீட்டுச் சொத்து. உனக்கும் வந்திருக்கிறது.

வாழ்த்துக் காணொளியாம்! என் முகத்தைக் காட்டி ரோஜே மாதிரி கிழவர்களின் பிள்ளைகளிடம் ஓட்டு வாங்கப் பார்க்கிறான். வர மாட்டேன், அனுப்பவும் மாட்டேன்.

உனக்கு அவ்வளவு உண்மை தெரிந்தால் அதை மேடையில் சொல். தபால்தலை ஒட்டி எனக்கு அனுப்பி என்ன செய்யச் சொல்கிறாய்? அன்றைக்கு என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாவுச் செய்தியே மறுநாள்தான் வந்தது. இனி அதைக் கேட்காதே.

சூசான்


மூலக்குளம்
20 ஜனவரி 2026

பெரியம்மா,

சளி விட்டதா? மேடையில் சொல் என்றீர்கள். சொல்லிவிட்டேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. "எங்கம்மா" என்று நிறுத்தினேன், உச்சுக் கொட்டினார்கள். அடுத்த வரியை விட்டுவிட்டேன். சேறு இல்லை, ரோடு இருந்தது, பந்தல்தான் வழியை மறைத்தது, அப்பாவைக் கேட்டேன், பொறு என்றார். இவ்வளவும் சொன்னேன். மைக்கில் என் மூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. கூட்டத்தில் ஒருவர்கூட அசையவில்லை.

அப்பா எழுந்து வந்தார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் காலடியில் முட்டிபோட்டார். மைக்கை வாங்கினார்.

"ஆமா. எம்பொண்ணு சொன்னது அத்தனையும் சத்தியம். கட்சி கட்சின்னு இருந்து கட்டனவள பறிகொடுத்த பாவி நான். அந்தப் பாவத்தக் கழுவத்தான் உங்க முன்னாடி கைகட்டி நிக்கிறேன். எம்பொண்ணு என்ன மன்னிக்கல. நீங்களாவது மன்னிப்பீங்களா?"

அழுதார். நிஜமாகவே அழுதார், பெரியம்மா. பெண்கள் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மண்டபமே கை தட்டியது.

காரில் வரும்போது கலியமூர்த்தி மாமா, "அண்ணே, இது சேத்த விட நல்லா வேல செய்யுதுண்ணே" என்றார். புத்தகத்தைத் திருத்தி மறுபடி அச்சடிக்கப் போகிறார்கள். அப்பா வழியில் இறங்கி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். "எல்லாம் உன்னாலதாண்டா கண்ணு. எல்லா ஊர்லயும் இதே மாதிரி பேசணும்" என்றார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரியம்மா, இனி கேட்காதே என்றீர்கள். கேட்கவில்லை, சொல்கிறேன். அன்று மாலை உங்களுக்குப் போன் செய்தது அம்மா இல்லை, நான். அம்மா என் மடியில் படுத்திருந்தார். யாரையாவது கூப்பிடு என்று கையைக் காட்டினார். "அக்கா" என்ற பெயரை அழுத்தினேன். மணி அடித்தது, நீங்கள் துண்டித்தீர்கள். மறுபடி அடித்தேன், மறுபடியும் துண்டித்தீர்கள். பிறகு உங்கள் போன் அணைந்திருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து நீங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா உங்கள் குரலுக்காகத்தான் காத்திருந்தார்.

அப்பாவாவது பொறு என்று சொன்னார். நீங்கள் அதையும் சொல்லவில்லை.

சுடர்விழி


மூலக்குளம்
16 பிப்ரவரி 2026

பெரியம்மா,

நீங்கள் பதில் போடவில்லை. நலம்தானா என்று கேட்கக்கூடத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

தேங்காய்த்திட்டிலிருந்து காலாப்பட்டு வரைக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தினமும் அதே உண்மை, அதே இடத்தில் அப்பா முட்டிபோடுவார். துறைமுகத்தில் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன்காரம்மா என் கன்னத்தைத் தடவி, "பாவம், அப்பன மன்னிச்சுடு தாயி" என்றார். பேசாமல் நின்று பார்த்தேன். அதற்கும், "துக்கத்துல கொழந்தைக்கு வாயே வரல" என்று அப்பா சொல்லிவிட்டார். நான் என்ன செய்தாலும் அது அவருக்கே உதவுகிறது.

நேற்று எங்கள் தெருவில் கூட்டம். மைக்கைக் கொடுத்ததும் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "திரும்பிப் பாருங்க. இன்னிக்கும் பந்தல் தெருவ அடைச்சிதான் போட்டிருக்கு. இப்ப யாருக்காவது மூச்சு முட்டுனா வண்டி எந்தப் பக்கமா வரும்?" என்று மட்டும் கேட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு முட்டிபோட இடம் கிடைக்கவில்லை. "இந்தப் பொண்ணு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். முதலில் ஆயம்மா அக்கா எழுந்து தன் நாற்காலியை மடக்கி ஓரமாகப் போட்டார். "எம் மாமியாருக்கும் இளைப்புதான்" என்றார். பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். முருகையன் யாரையும் கேட்காமல் கயிற்றை அவிழ்த்தார். கலியமூர்த்தி மாமா, "உக்காருங்க, உக்காருங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஒருவரும் உட்காரவில்லை.

இன்று காலை வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று பள்ளிக்குச் சொல்லியாகிவிட்டது. எனக்குக் காய்ச்சல்கூட இல்லை. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் யார் வருவார்கள்? மாடி அறையைப் பகலெல்லாம் வெளியே பூட்டி வைக்கிறார்கள். ஏஸ்தெல் மட்டும் வந்தாள். தடுத்தார்கள். "எனக்குப் போன வருஷமே போட்டாச்சு அங்கிள், மறுபடியும் வராது" என்று சொல்லிப் பாடப்புத்தகத்தோடு உள்ளே வந்துவிட்டாள். மறுபடி வரும்போது இதை அவளிடம் கொடுத்துவிடுவேன்.

அப்பா என்னோடு பேசுவதில்லை. தேர்தல் முடிந்ததும் என்னைத் தர்மபுரிப் பக்கம் ஏதோ விடுதியில் சேர்க்கப்போவதாகக் கீழே பேசிக்கொண்டார்கள். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டாலே இந்தத் தாளைப் பாய்க்கு அடியில் ஒளித்துவிடுகிறேன்.

வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

சுடர்விழி


மூலக்குளம், உன் வீட்டு வாசல்
3 மார்ச் 2026

சுடர்விழி,

இது தபாலில் வரவில்லை. ஏஸ்தெல் கையில் கொடுத்து அனுப்புகிறேன். விடியற்காலை சென்னையில் இறங்கி நேராக இங்கே வந்தேன். காரில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன்.

உன் அப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். "வாங்க அண்ணி, கொழந்தைக்கு அம்மை. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாது" என்கிறான். எப்போது தண்ணீர் ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். "தேர்தல் முடிஞ்சி" என்று அவனையும் அறியாமல் சொல்லிவிட்டான். கலியமூர்த்தி என்கிற ஆள் என்னைப் போட்டோ எடுக்க வந்தான். செருப்பைக் காட்டினேன்.

நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை. உன்னைக் கொஞ்சவும் வரவில்லை. உன் கடைசிக்கு முந்தின கடிதத்தைப் படித்துவிட்டுப் பல நாள் உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன். இப்போதும் இருக்கிறேன். உப்பளம் வீட்டைத் திறந்து கூட்டச் சொல்லியிருக்கிறேன். கோடை முடியும் வரை இங்கேதான் இருப்பேன். அங்கிருந்து பள்ளிக்குப் போ.

நீ இறங்கி வருகிறாயா, இல்லையா? வரப் பயமாக இருந்தால் ஜன்னலில் கையைக் காட்டு. நான் உள்ளே வந்து பேசுகிறேன், தேவைப்பட்டால் போலீசோடு வருகிறேன். எவ்வளவு நேரமானாலும் நகர மாட்டேன்.

சூசான்


(அதே தாளின் பின்பக்கம்)

பெரியம்மா,

பயணம் சுகமாக இருந்ததா? பயமாகத்தான் இருக்கிறது. பாடம் முடிந்ததும் இறங்கிவிடுவேன், கதவைப் பூட்ட வேண்டாம் என்று ஏஸ்தெல் சொல்லிச் சமாளித்திருக்கிறாள். பின்கட்டு வழியாகக் கூட்டிப் போகிறேன் என்கிறாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

பைக்குள் புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டேன். முன்வாசல் வழியாகவே வருகிறேன். அப்பா நாற்காலியை நகர்த்தினால்தான் நான் தாண்ட முடியும். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். நகருங்கள் என்று நானே அவரிடம் சொல்கிறேன்.

சுடர்விழி